மிஷினா, புதுச் சரக்கா, நோட்டா? கோட்டையூர்ப் பலகாரக் கூடத்திலிருந்து ஒரு கணக்கு

போன வருஷம் ஆவணியில் எங்கள் கூடத்துக்கு ஒரு விலைப்பட்டியல் வந்தது. மாவு பிசைந்து, தேன்குழல் பிழிந்து, பொரித்து, எண்ணெய் வடித்துத் தட்டில் கொட்டுகிற மிஷின் வரிசை. விலை 14 லட்சம். கொழுந்தனார் அந்தத் தாளை மடங்காமல் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அத்தை கையில்கூட வாங்கவில்லை. "இது சீப்புச் சீடை சுத்துமா?" என்று மட்டும் கேட்டார். சுற்றாது, மாவுப் பட்டையை விரலில் சுற்றி ஒட்டுகிற கைவேலை அது. அன்றைக்குப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் கேள்வி போகவில்லை.

கூடம் ரொம்பச் சின்னது. காரைக்குடிக்குப் பக்கத்தில், கோட்டையூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஒன்பது பெண்கள், மூன்று கேஸ் அடுப்பு. நாளைக்கு 60 கிலோ பலகாரம் இறங்கும். தேன்குழல் 20 கிலோ, சீப்புச் சீடை 12, மிச்சம் கைமுறுக்கு, மாவுருண்டை, அதிரசம், ஆர்டர் இருந்தால் மனகோலம். பத்து வருஷமாக இதே 60 கிலோதான். காரைக்குடியில் தெருவுக்கு ஒரு பலகாரக் கடை வந்துவிட்டது. சும்மா இருந்தால் 60 என்பது 50 ஆகும், அதற்குப் பெரிய ஜோசியம் வேண்டாம்.

வீட்டில் மூன்று கட்சி. கொழுந்தனாருக்கு மிஷின். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகளுக்குப் புதுச் சரக்கு: சிறுதானிய முறுக்கு, கும்மாயம் என்கிற செட்டிநாட்டு இனிப்புக்கான மாவு, ஆன்லைன் விற்பனை. நான் மூன்றாவது கட்சி. இருப்பதில் எது எங்கே வீணாகிறது என்று ஒரு நோட்டில் எழுதி, தினம் ஒன்றாகத் திருத்திக்கொண்டு போகலாம் என்றேன். "நோட்டாவுக்கு ஓட்டுப் போடச் சொல்றீங்களா மதினி?" என்று கொழுந்தனார் சிரித்தார். சிரிக்க வேண்டியதுதான். 14 லட்ச ரூபாய் மிஷினுக்கு எதிரே 30 ரூபாய் நோட்டு.

இதே மூன்று வழியில் நின்று யோசிக்கிற சின்னத் தொழில்காரர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால், ஒரு வருஷத்தில் நாங்கள் பார்த்ததை எழுதுகிறேன்.

மிஷின் கட்சியின் நியாயம்

கொழுந்தனாரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தை, மாசி முகூர்த்தத்தில் நான்கு கல்யாண ஆர்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். கல்யாணப் பலகாரம் என்றால் டின் டின்னாகப் போகும். அந்த வீட்டார் அடுத்த முறை நம்மிடம் வர மாட்டார்கள், வேறு இடம் பழகிவிடும். இரண்டாவது, மானியம் இருந்தது. குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த திட்டத்தில், கடனோடு சேர்த்து 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம். கைப்பணம் 10 சதவீதம் போட வேண்டியிருந்தது.

கணக்கைப் போட்டோம். 14 லட்சத்தில் மானியம் 4.90 லட்சம், கைப்பணம் 1.40 லட்சம். மிச்சம் 7.70 லட்சம். 11 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்று வைத்தால் மாதம் சுமார் 17,000 ரூபாய் தவணை. இது கட்ட முடியாத தொகை இல்லை.

ஆனால் அந்த மிஷின் மணிக்கு 40 கிலோ பிழியும். எங்களுக்கு வேண்டிய 20 கிலோ தேன்குழல் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்க அது துணி போர்த்தி நிற்கும். "செஞ்சா வித்துடலாம் மதினி" என்பார் கொழுந்தனார். வித்துவிடலாம்தான், ஆனால் யாருக்கு? அந்த அளவில் தேன்குழல் பிழிகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்கள் கிலோவுக்கு எங்களைவிடக் குறைத்துக் கொடுப்பார்கள். எங்களிடம் வருகிற ஆச்சிகள் கேட்பது கையால் சுற்றிய சீடையும் கைமுறுக்கும். மிஷினுக்கு வராத வேலைதான் எங்கள் கூடத்தையே நடத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. மிஷினை வாங்கிய பிறகு தப்பென்று தெரிந்தால் திரும்ப வழி கிடையாது. பழைய மிஷினைப் பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆளிருக்காது. தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்து நிற்கும்.

புதுச் சரக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்து பார்த்துக் கை சுட்டுக்கொண்டோம். கேப்பையில் சீப்புச் சீடை போட்டோம். படம் பிடித்தால் அழகாக இருந்தது. மூன்று வாரம் கடைகளில் தூங்கியது. கும்மாய மாவு கொஞ்சம் போனது, ஆனால் கருப்பட்டி சேர்த்துக் கிண்டத் தெரிந்தவர்கள் மாவையும் தாங்களே வறுத்து அரைத்துக்கொள்கிறார்கள், தெரியாதவர்கள் வாங்கவே இல்லை. ஒவ்வொரு புதுச் சரக்குக்கும் தனி லேபிள், தனிப் பொட்டலம், எத்தனை நாள் தாங்கும் என்ற சோதனை. செலவைவிட அது பிடுங்கிய கவனம்தான் பெரிது. அந்த இரண்டு மாதம் அதிரசம்கூட ஒழுங்காக வரவில்லை.

மகளிடம் சொன்னேன்: "யாரோ கேட்ட சாமானாவே தெரியலையேத்தா, நாமளா யோசிச்ச சாமானா இருக்கு." அவளுக்குக் கோபம். ஆனால் மறுக்கவில்லை.

நோட்டு

அடுப்படித் தூணில் ஒரு ஆணி அடித்து நோட்டைத் தொங்கவிட்டேன். முதலில் ஒரே ஒரு விஷயம்தான்: சீப்புச் சீடையில் உடைசல் எவ்வளவு. சாயங்காலம் தராசில் வைத்து எழுத வேண்டும், அவ்வளவே.

முதல் மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தால் 100 கிலோவுக்கு 14 கிலோ உடைசல். முழுச் சீடை கிலோ 480 ரூபாய், உடைசலை உள்ளூரில் 200-க்குத் தள்ளுவோம். ஆக 100 கிலோவுக்கு 3,920 ரூபாய் போகிறது. மாதம் 300 கிலோ போடுகிறோம். இத்தனை வருஷமாக "கொஞ்சம் உடையத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சம், மாதம் 11,760 ரூபாய். அன்று ராத்திரி அத்தை சரியாகச் சாப்பிடவில்லை.

ஏன் உடைகிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வரும். அரிசி சரியில்லை, அடுப்பு எரியவில்லை, இன்னொருத்தி கை சரியில்லை. நோட்டுதான் வேறு பதில் சொன்னது. திங்கட்கிழமை தோறும் எண் ஏறியிருந்தது. அதைக் கண்டுபிடித்தது நானில்லை, எங்களில் மூத்தவரான சட்டி பார்க்கும் ஆச்சி. படிப்பு மூன்றாம் வகுப்பு. பக்கத்தைப் புரட்டிவிட்டு, "திங்கக்கெழம மாவு கையில ஒட்டுதுத்தா, நான் எத்தனவாட்டி சொல்றது" என்றார். சொல்லியிருக்கிறார்தான். கணக்கில் பார்க்கும் வரை எங்கள் காதில் விழவில்லை.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மில்லில் அரைத்த மாவு ஞாயிறு முழுக்க டின்னில் அடைந்து கிடக்கும். ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியில் கொஞ்சம் ஈரம் இருக்கும், அது மாவிலேயே தங்கிவிடும். ஈர மாவில் வழக்கமான அளவு தேங்காய்ப் பால் விட்டால் பிசைந்த மாவு தளர்ந்துபோகும். சீப்பு அச்சில் பிழிந்த பட்டையை விரல் நீளத்துக்கு நறுக்கி, விரலில் சுற்றி ஓரத்தை ஒட்டுகிறோம் அல்லவா, அந்த ஒட்டு எண்ணெயில் விட்டுப்போய்ச் சீடை வாயைப் பிளக்கும். அதைப் பார்த்து பயந்து செவ்வாய்க்கிழமை பாலைக் குறைப்போம். அன்றைக்கு மாவு காய்ந்திருக்கும், சுற்றும்போதே விரிசல் விடும். ஒரு நாள் பிளவு, மறுநாள் விரிசல். நாங்கள் திட்டியது சுற்றிய கையை.

மருந்து பழையதுதான். கோலம் போட வருகிற பதம் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, மாவை எடுத்துத் தரையில் இழுத்தால் இழை அறாமல் வர வேண்டும். அந்தப் பதத்துக்கு வறுத்து, ஆறவைத்து, இரண்டு முறை சலித்து, மூடி இறுக்கிய டின்னில் வைக்கிறோம். அதற்கு முன்பும் வறுத்தோம், ஆனால் நேரம் இருந்தால் வறுப்போம், ஆள் இல்லாவிட்டால் விட்டுவிடுவோம். இப்போது வறுக்காத மாவு பலகைக்கு வராது. தேங்காய்ப் பாலையும் கண்ணளவுக்கு விடாமல் நிறுத்து விடுகிறோம். நான்கு மாதத்தில் உடைசல் 100-க்கு 5 ஆனது. மிச்சமானது மாதம் 7,560 ரூபாய். முதலீடு ஒரு நோட்டு, இரண்டு சல்லடை, ஒரு டிஜிட்டல் தராசு.

அடுத்த வரி எண்ணெய். சட்டியில் உதிர்கிற தூளை ஒவ்வொரு ஈடு முடிந்ததும் அரிக்க வேண்டும். அரிக்காமல் விட்டால் கருகி எண்ணெய் சீக்கிரம் கறுத்துவிடும். பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்கினால் எண்ணெய் கெட்டு அதில் சேர்கிறவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. விதிக்காகச் செய்தோமோ காசுக்காகச் செய்தோமோ, எண்ணெய்ச் செலவு குறைந்தது. அதற்கடுத்தது பார்சல் பெட்டி. ஆம்னி பஸ்ஸில் சென்னைக்குப் போகிற பெட்டிக்குள் ஆட இடம் இருந்ததால்தான் முறுக்கு உடைந்தது. சின்னப் பெட்டி போட்டோம், நின்றது. இதிலெல்லாம் பெருமை பேச ஒன்றுமில்லை.

இது வரைக்கும் சிக்கனம்தான். தொழில் வளர்ந்ததாகச் சொல்ல முடியாது. கொழுந்தனாரும் அதையே சொன்னார்: "மிச்சம் பிடிக்கிறது வேற, பெருக்குறது வேற மதினி."

பெருகியது எதிர்பாராத பக்கத்திலிருந்து. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு ஆச்சி, எங்கள் பழைய வாடிக்கை, வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தார். கூடத்துக்கு வந்தவர் வறுத்து ஆறிக்கிடந்த மாவைக் கையில் அள்ளி, விரலால் இழுத்துப் பார்த்தார். "பலகாரம் இருக்கட்டும்த்தா. இந்த மாவ ஒரு பத்துக் கிலோ கட்டிக்குடு. அங்க எந்த மாவ வாங்குனாலும் தேங்குழல் சதசதன்னு போகுது." கட்டிக் கொடுத்தோம். அடுத்த மாதம் அவருடைய சம்பந்தி வீட்டுக்கு. பிறகு பள்ளத்தூரில் வீட்டோடு முறுக்கு போடும் இரண்டு பெண்கள் கேட்டு வந்தார்கள். மில்லில் நமக்கு முன்னால் கம்பு அரைத்திருந்தால் அந்தக் கம்பும் நம் அரிசி மாவோடு வரும், அந்தத் தொல்லை அவர்களுக்கும் உண்டு. இன்றைக்குத் தேன்குழல் மாவு, சீடை மாவு என்று கிலோப் பொட்டலமாக விற்கிறோம். எங்கள் விற்பனையில் நாலில் ஒரு பங்கு அது.

மகள் இப்போது சொல்கிறாள்: "நான் சொன்ன மாவுதானேம்மா?" அவள் சொன்னது கும்மாய மாவு. ஆனால் ஆன்லைனில் இதை விற்றுக் கொடுப்பது அவள்தான். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.

மிஷின் கேள்விக்கும் பதில் அங்கிருந்தே வந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது பிழிகிற மிஷின் அல்ல, மாவு வறுக்கவும் சலிக்கவும் ஒரு சின்ன மிஷின். விலை 14 லட்சத்துக்குப் பக்கத்திலேயே வராது. ஆவணியிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால், நெருக்கடி எங்கே இருக்கிறதோ அதைவிட்டு வேறு இடத்தில் பணத்தைக் கொட்டியிருப்போம்.

தறியிலிருந்து கார்

என் வீட்டுக்காரர் ஓசூரில் வண்டி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் இருந்தவர். நோட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேர் கைசன்" என்றார். சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போகிற ஜப்பான் முறை அது. ஜப்பானில் டொயோட்டா கம்பெனி தொழிலாளிகளிடம் யோசனை கேட்டு வாங்கும் முறையை 1951-லேயே வைத்துவிட்டதாம். தமிழ்நாட்டில் சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேம்பாட்டுக்கான டெமிங் பரிசை 1998-இல் வாங்கியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்திய கதை. டொயோட்டா குடும்பம் முதலில் தறி செய்தவர்கள். சகிச்சி டொயோடா பண்ணிய ஒரு திருத்தம், நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும். காரைக்குடிக் கண்டாங்கி நெய்கிறவருக்கு (2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே சேலைதான்) இதன் அருமை புரியும், நூல் அறுந்தது தெரியாமல் ஓடினால் துணி போச்சு. தானாக நிற்கிற தறியென்றால் ஒரே ஆள் பல தறியைப் பார்த்துக்கொள்ளலாம். 1924-இல் முழுசாக வந்த அந்தத் தானியங்கித் தறிக்கான உரிமத்தை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றார்கள். 1933-இல் அதே தறிக் கம்பெனிக்குள்ளேயே கார்ப் பிரிவு தொடங்கினார்கள். அறுந்த நூலைக் கவனித்த வீட்டில்தான் பெரிய தாவலும் நடந்தது.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அமைச்சகம் 2023 மார்ச்சில் புதுப்பித்த 'லீன்' திட்டத்தில், ஆலோசகர் வைத்து இப்படித் திருத்தம் செய்கிற செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. மிஷின் மானியத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விசாரித்துப் பார்க்கலாம்.

நோட்டு உதவாத இடம்

இதோடு முடித்தால் நான் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். நோட்டு காப்பாற்றாத இடமும் உண்டு. அதைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பர்மாவில் நம் ஊர்ச் செட்டியார்கள் வைத்திருந்த வட்டிக்கடைகளின் கணக்கைவிடச் சுத்தமான கணக்கு ஏது? பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, பேரேடும் ஐந்தொகையும் காசு பிசகாமல் எழுதியவர்கள். 1930-இல் நெல் விலை அடியோடு விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் பணமாகத் திருப்ப முடியவில்லை, நிலமாகக் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938-க்குள் 25 சதவீதம் ஆனது. ஏட்டில் சொத்து நாலு மடங்கு, கையில் ரொக்கம் இல்லை. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது எந்தக் கணக்கும் உதவவில்லை. காலுக்குக் கீழே நிலமே நழுவும்போது கணக்கை இன்னும் அழகாக எழுதி என்ன பயன்?

முன்பே கால் மாற்றியவர்களும் இருந்தார்கள். 1937-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தது. 1900-இல் பர்மாவின் மோல்மீனில் வட்டிக்கடை வைத்த பள்ளத்தூர் முருகப்பா குடும்பம், முப்பதுகளில் தொழிலைச் சென்னைப் பக்கம் திருப்பி, 1949-இல் சைக்கிள் கம்பெனி தொடங்கியது. வட்டிக்கடையை எவ்வளவு திருத்தினாலும் அது சைக்கிள் ஆகியிருக்காது.

எங்கள் கூடத்தில் அப்படி நழுவுகிற நிலம் ஒன்று இருக்கிறது. கைமுறுக்கு சுற்றத் தெரிந்தவர்களில் வயதில் சின்னவருக்கே 44. ஆச்சிக்கு 67. உடைசலை 5-லிருந்து 3 ஆக்கலாம். பத்து வருஷம் கழித்துச் சுற்றக் கை இல்லாவிட்டால் அந்த மூன்றும் எதற்கு? கொழுந்தனார் மிஷின் என்று சொன்னபோது அவர் மனதில் இருந்த பயம் இதுதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விலைப்பட்டியலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அதனால் யாராவது என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். ஆர்டர் வந்து கை போதாமல் வருஷத்தில் ஆறு மாதம் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால் மிஷினைப் பாருங்கள், மானியம் உண்டா என்றும் விசாரியுங்கள். எங்களுக்கு அது இரண்டு மாதம்தான், அந்த இரண்டு மாதத்துக்குக் கூடுதல் ஆள் போட்டால் போதும். வாடிக்கைக்காரர் வாயிலிருந்து ஒரு சாமானின் பெயர் மூன்று முறையாவது வந்திருந்தால் புதுச் சரக்கு போடுங்கள். இரண்டும் இல்லையா, ஆறு மாதம் எழுதுங்கள். தப்பாகப் போனாலும் ஒரு நோட்டோடு போகும். வாங்குகிறவர்களே குறைந்துகொண்டு போகிற தொழில் என்றால் மட்டும் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள்.

மிஷின் விலைப்பட்டியல் இன்னும் அட்டைக்குள்தான் இருக்கிறது. கொழுந்தனார் அதைக் கிழிக்கவில்லை, நானும் கிழிக்கச் சொல்லவில்லை. நோட்டில் இப்போது புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். கைமுறுக்கு பழக இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள், இருவருக்கும் இருபது வயது சுமார். எத்தனையாவது நாளில் எத்தனை சுற்று வருகிறது என்று ஆச்சி சொல்லச் சொல்ல எழுதுகிறோம். நேற்று 23-ஆம் நாள். ஒருத்தி ஐந்து சுற்று சுற்றிவிட்டாள். துணியிலிருந்து எடுத்துச் சட்டியில் போடும்போது மூன்றாவது சுற்று விட்டுப்போனது. "எழுதிக்க," என்றார் ஆச்சி, "எடுக்கையில போச்சு, சுத்தையில இல்ல."